ரெயில் பிரஷர் குறைந்தால் பம்ப்தான் காரணமா? டீசல் பிக்கப்பில் கோளாறைத் தேடும் வரிசை

லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது வண்டி திடீரென்று புல்லிங் இழக்கிறது. செக் லைட் எரிகிறது. ஓரங்கட்டி ஆஃப் செய்து மறுபடி எடுத்தால் கொஞ்ச தூரம் சரியாக ஓடுகிறது, பிறகு பழைய கதை. ஸ்கேனர் மாட்டினால் வரும் கோடு (கோளாறு எண்) பி0087, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் பிரஷர் குறைவு. அதைப் பார்த்த கையோடு "ஹை பிரஷர் பம்ப் போச்சு" என்று முடிவு கட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வண்டியில் விலை கூடிய பாகங்களில் அந்தப் பம்ப்பும் ஒன்று. அதை மாற்றிய பிறகும் அதே கோடு வந்து நிற்கும்போது, செலவு செய்தவர் செய்வதறியாமல் நிற்கிறார்.

அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட பிரஷரை விட, ரெயில் சென்சார் காட்டிய பிரஷர் கணிசமான அளவு, கணிசமான நேரம் குறைவாக இருந்தது. ஏன் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. டேங்க் மூடியிலிருந்து இன்ஜெக்டர் நாசில் வரை எந்த இடத்தில் கோளாறு இருந்தாலும் இதே கோடுதான் விழும். ஆகவே தேடலை டேங்க்கிலிருந்து தொடங்க வேண்டும். பம்ப்பைக் கழற்றுவது கடைசி வேலை.

## டீசல் போகும் வழி

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 புகை விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையாகும் பொலேரோ பிக்கப், டாடா யோதா, தோஸ்த் போன்ற டீசல் பிக்கப்புகள் காமன் ரெயில் முறையில் இயங்குகின்றன. பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்ப்பே ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியாக, முறைப்படி டீசலை அடித்துக்கொடுத்தது. காமன் ரெயிலில் பம்ப்பின் வேலை ரெயில் என்ற தடித்த குழாயில் பிரஷரை ஏற்றி வைப்பது மட்டும்தான். எப்போது, எவ்வளவு நேரம் பீய்ச்சுவது என்பதை இசியு இன்ஜெக்டர் வழியாக முடிவு செய்கிறது.

டீசலின் பாதை இப்படி: டேங்க்குக்குள் டீசலை உறிஞ்சும் முனையில் இருக்கும் சக்கர் வலை, டேங்க்கிலிருந்து வரும் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஃபீட் பம்ப், மீட்டரிங் வால்வு, ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள். மிஞ்சியது ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்குத் திரும்புகிறது.

இதில் ஃபீட் பம்ப் எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். சில வண்டிகளில் டேங்க்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் இருந்து டீசலைத் தள்ளிவிடும். மற்றவற்றில் ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்த சிறு பம்ப் டேங்க்கிலிருந்து உறிஞ்சி இழுக்கும். தள்ளும் வண்டியில் ஹோஸ் ஓட்டையானால் டீசல் வெளியே சொட்டும். உறிஞ்சும் வண்டியில் அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும்; என்ஜின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் தெரியாது. "லீக் எங்கேயும் இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிற வண்டிகளில் கணிசமானவை இந்த வகைதான்.

மீட்டரிங் வால்வு என்பது ஹை பிரஷர் பம்ப்புக்குள் எவ்வளவு டீசல் நுழையலாம் என்று தீர்மானிக்கும் வால்வு. போஷ் பம்ப்பில் எம்-ப்ராப், டெல்ஃபியில் ஐஎம்வி, டென்சோவில் எஸ்சிவி என்று கடைகளில் சொல்வது இதைத்தான். சில மாடல்களில் ரெயிலின் முனையில் பிரஷர் கன்ட்ரோல் வால்வு ஒன்றும் கூடுதலாக இருக்கும்.

மேல்நிலைத் தொட்டி நிரம்பவில்லை என்றால் கிணற்றில் நீர் இல்லாமல் இருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம், கீழே குழாய் திறந்து கிடக்கலாம். ரெயில் பிரஷரும் அப்படித்தான்: வரத்து, ஏற்றம், கசிவு. இவற்றுக்கு மேல் நான்காவதாக ஒன்று, அளவு காட்டும் சென்சாரே தவறாகக் காட்டுவது.

## தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள்

சரியான எண்ணுக்கு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலான நான்கு சிலிண்டர் பிக்கப்புகளுக்குப் பொருந்தும் வரம்புகள் உண்டு.

1. ஐடிலில் ரெயில் பிரஷர் சுமார் 250 முதல் 400 பார். முழு லோடில் சிஸ்டத்தின் தலைமுறையைப் பொறுத்து 1600, 1800 அல்லது 2000 பார் வரை. ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.
2. செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் குறைந்தது 150 முதல் 250 பார் வரை ஏறினால்தான் இசியு இன்ஜெக்டரைத் திறக்க அனுமதிக்கும். அதுவரை எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் புகைகூட வராது.
3. ரெயில் சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் சுமார் 0.5 வோல்ட், முழு அளவில் சுமார் 4.5 வோல்ட். 1800 பார் சென்சாரில் 300 பார் என்றால் 1.17 வோல்ட் வர வேண்டும்.

## கை வைக்கும் முன்

பழைய பம்ப் வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே நாசில் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் பார்ப்பார்கள், ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. இந்த பிரஷரில் தெறிக்கும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி ஒன்று நடந்தால் கழுவிக் கட்டுப்போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், "ஹை பிரஷர் டீசல் தோலுக்குள் ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஹை பிரஷர் லைனில் கசிவு தேட வேண்டுமானால் கையால் தடவக்கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எந்த நட்டையும் கழற்றும் முன் என்ஜினை நிறுத்தி, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் இறங்கியதை உறுதி செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

## முதலில் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 40, 60 பார் என்று நின்றால் சென்சாரோ அதன் எர்த் வயரோ சரியில்லை. சென்சார் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டினால் இசியு ஏமாந்து நிஜ பிரஷரை மேலும் ஏற்றிவிடும். அப்போது கோடு "பிரஷர் குறைவு" என்று சொல்லும், என்ஜினோ கடகடவென்று தட்டும். உண்மையிலேயே பிரஷர் குறைந்த என்ஜினில் அந்தத் தட்டல் வராது.

கூடவே பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனால் என்ஜின் சுற்றும் வேகம் போதாது. வேகம் போதாவிட்டால் நல்ல பம்ப்பும் பிரஷர் ஏற்றாது. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவது வீண் வேலை.

புல்லிங் குறைவு மட்டும் இருந்து பி0087 இல்லையென்றால், டர்போ ஹோஸ் விரிசல், திறந்தபடி நின்ற ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்குள் திருப்பி விடும் வால்வு), அடைத்த ஏர் ஃபில்டர் என்று தேடலின் திசையே வேறு. கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் ஒட்டி நடக்கும் வரை டீசல் பக்கம் போக வேண்டியதில்லை.

## ஓட்டிப் பார்த்து கிராஃப் எடுப்பது

ஸ்கேனரில் மூன்று வரிகளை ஒன்றாகப் பதிவு செய்யுங்கள்: இசியு கேட்கும் ரெயில் பிரஷர், கிடைக்கும் ரெயில் பிரஷர், மீட்டரிங் வால்வுக்குப் போகும் கரன்ட் அல்லது சதவீதம். லோடு உள்ள வண்டியை மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 3500 வரை இழுக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்க்க வேண்டும்.

ஐடிலில் ஒழுங்காக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏறக் கிடைக்கும் பிரஷர் மட்டும் பின்தங்கினால் டீசல் போதிய அளவு வரவில்லை என்று பொருள். ஃபில்டர், ஹோஸ், சக்கர் வலை, டேங்க் மூடி என்று தேட வேண்டும். ஐடிலிலேயே ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கினால் ஏர் வருகிறது, அல்லது மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்கிறது. ஒரு நொடியில் செங்குத்தாக விழுந்தால் வயரிங், அல்லது ரெயிலின் பிரஷர் லிமிட்டர் வால்வு (பிரஷர் அளவு மீறினால் மட்டும் திறக்க வேண்டியது) திறந்துகொள்வது. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் வண்டி, சூடான பிறகு நிறுத்தினால் எடுக்க மறுத்தால் இன்ஜெக்டரிலோ பம்ப்பிலோ உள் கசிவு இருக்கிறது. சூட்டில் டீசல் இளகும், தேய்ந்த இடைவெளி வழியாக வேகமாக நழுவும். இதற்கு நேர்மாறாக, இரவு நின்ற வண்டி மட்டும் காலையில் நெடுநேரம் செல்ஃப் கேட்டால் எங்கோ ஏர் புகுந்து லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடுகிறது.

மூன்றாவது வரியைக் கவனிக்காமல் விடாதீர்கள். மீட்டரிங் வால்வை முழுக்கத் திறக்கச் சொல்லி இசியு உத்தரவிட்டும் பிரஷர் ஏறவில்லை என்றால், இசியு தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. குறை வரத்தில், கசிவில், அல்லது வால்விலும் பம்ப்பிலும் இருக்கிறது.

## லோ பிரஷர் பக்கம்: அதிகம் தேட வேண்டிய இடம்

1. டேங்க் மூடி. கோளாறு தோன்றும் நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத டெஸ்ட் இது.

2. கை பிரைமர், அதாவது கையால் அமுக்கி டீசலை ஏற்றும் பம்ப். அது ரப்பர் குமிழாக உள்ள வண்டிகளில், என்ஜினை 3000 ஆர்பிஎம்மில் வைத்துக் குமிழைப் பாருங்கள். அது தட்டையாக ஒட்டிப்போனால் குமிழுக்கும் டேங்க்குக்கும் நடுவே அடைப்பு. குமிழ் உருண்டையாகவே இருந்து பிரஷர் மட்டும் விழுந்தால் அடைப்பு அதற்கு அப்பால், பெரும்பாலும் ஃபில்டரில்.

3. ஃபில்டர். தேதியைப் பார்த்து நல்ல ஃபில்டர் என்று முடிவு செய்யக்கூடாது. அழுக்கு டீசல் ஒரே டேங்க்கில் புது ஃபில்டரை அடைத்துவிடும். அடியிலுள்ள திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கீழே தெளிவான தனி அடுக்காக நின்றால் தண்ணீர். கறுத்த வழவழப்பான கூழ் வந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கியது அது. டேங்க்கை இறக்கிக் கழுவாமல் விடிவு இல்லை. பளபளவென்று உலோகத் தூள் மினுங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

4. கண்ணாடி ஹோஸ். ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்ப்புக்கும் இடையில் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான ஹோஸை மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே ஓரிரு குமிழிகள் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. நிற்காமல் சரம் சரமாக வந்தால் ஏர் இழுக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, தெளிவான ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள். குமிழிகள் மறையும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. ஃபில்டர் தலையின் ஓ-ரிங், தண்ணீர் சென்சாரின் ஓ-ரிங், குயிக் கனெக்டரின் உள் ஓ-ரிங், கிளாம்ப் அடியில் வெடித்த ரப்பர் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். ஃபில்டர் மாற்றிய மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் ஓ-ரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. கேஜ். உறிஞ்சும் வகையில் பம்ப் நுழைவில் வேக்கம் கேஜ் போட்டு ரேஸ் செய்யுங்கள். 0.3 பார் அளவுக்கு மேல், அதாவது சுமார் 9 அங்குலப் பாதரசத்துக்கு மேல் போனால் எங்கோ அடைப்பு வளர்கிறது, 0.5 பாரில் பம்ப் பட்டினி கிடக்கிறது. வேக்கம் அதிகமானால் அடைப்பு, வேக்கமே பிடிக்காமல் குமிழி வந்தால் ஏர், இரண்டும் இல்லாமல் டீசலும் வராவிட்டால் ஃபீட் பம்ப். தள்ளும் வகையில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் போட வேண்டும். முன்னால் நன்றாக இருந்து பின்னால் விழுந்தால் ஃபில்டர், இரண்டிலும் குறைவாக இருந்தால் பம்ப் அல்லது அதற்கு வரும் கரன்ட். பம்ப் ஓடும்போதே கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, ஃபியூஸ் கால், எர்த் ஆகியவற்றைச் சரி செய்யாமல் பம்ப்பை வாங்க வேண்டாம்.

இந்த ஐந்தையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால், சுத்தமான டீசல் நிரப்பிய கேனை வண்டியின் ஃபில்டருக்கு நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். கோளாறு மறைந்தால் டேங்க், சக்கர் வலை, நடு ஹோஸ் ஆகியவைதான் காரணம். உறிஞ்சும் வண்டிகளில் இந்த ஒரே டெஸ்ட் பாதி வழியைக் கடந்துவிடும். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட மறக்காதீர்கள். கேன் கசியாமல், எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

## இன்ஜெக்டர் ரிட்டர்ன்: கண்ணுக்குத் தெரியாத கசிவு

இன்ஜெக்டரின் உள்ளே இருக்கும் இடைவெளிகள் இரண்டு மூன்று மைக்ரான்தான். அழுக்கிலும் தண்ணீரிலும் அவை தேயும்போது, ரெயிலில் ஏற்றிய டீசல் பற்றவைக்கப் பயன்படாமல் ரிட்டர்ன் வழியாக நழுவிப் போகிறது. வெளியே நனையாது, நாற்றம் வராது. பம்ப் எவ்வளவு ஏற்றினாலும் பிரஷர் நிற்காது. நல்ல பம்ப்புகள் தண்டனை அனுபவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

டெஸ்ட் எளிது. சாலினாய்டு (மின்காந்தச் சுருளால் திறக்கும்) இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஹோஸ் மாட்டி, கோடு போட்ட ஒரே மாதிரி பாட்டில்களில் விடுங்கள். பொது ரிட்டர்ன் லைனின் திறந்த வாயை அடைத்துவிடுங்கள். என்ஜினை ஐடிலில் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். நல்ல இன்ஜெக்டர்கள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு நிரப்பும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு நிரப்பினால் ஆள் கிடைத்துவிட்டது. எல்லாமே மளமளவென்று நிரம்பினால் எல்லாம் தேய்ந்துவிட்டன. அப்போது ஒப்பிடுவது ஏமாற்றும், மேனுவல் அளவோடுதான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இதையே செல்ஃப் அடித்தும் பார்க்கலாம். அந்த நேரத்தில் ஒரு பாட்டிலில் மட்டும் டீசல் பாய்ந்தால் போதும், காரணம் தெரிந்துவிடும்.

பீசோ (மின்சாரம் கொடுத்தால் விரியும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டர் உள்ள என்ஜினில் இப்படித் திறந்து விடக்கூடாது. அவற்றின் ரிட்டர்ன் லைனில் குறிப்பிட்ட பிரஷர் இருந்தால்தான் அவை வேலை செய்யும். எந்த வகை என்று தெரியாமல் குழாயில் கை வைக்க வேண்டாம்.

இதே நேரத்தில் ரெயிலின் பிரஷர் லிமிட்டர் வால்விலிருந்து வரும் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் அது உலர்ந்திருக்க வேண்டும். அங்கே டீசல் ஒழுகினால் வால்வு சீட் போய்விட்டது.

## மீட்டரிங் வால்வும் கன்ட்ரோல் வால்வும்

போஷ், டெல்ஃபி பம்ப்புகளில் மீட்டரிங் வால்வு கரன்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும் வகை. டென்சோவில் திறந்திருக்கும் வகையும் உண்டு, மூடியிருக்கும் வகையும் உண்டு. எது என்று தெரிந்துகொண்டுதான் டெஸ்ட் செய்ய வேண்டும். திறந்திருக்கும் வகையில், ஸ்டார்ட் ஆகாத வண்டியின் மீட்டரிங் வால்வு கனெக்டரைக் கழற்றி ஐந்து நொடி மட்டும் செல்ஃப் அடித்து, ரெயில் பிரஷர் எகிறுகிறதா பாருங்கள். எகிறினால் பம்ப் நல்லது. வால்வு ஒட்டியிருக்கிறது, அல்லது வயரிங். காயிலின் ரெசிஸ்டன்ஸ் போஷில் சுமார் 3 ஓம். ஆனால் காயில் சரியாக இருந்தும் பிஸ்டன் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளலாம். ஐடில் ஏறி இறங்குவது அதன் அடையாளம்.

ரெயிலில் இருக்கும் கன்ட்ரோல் வால்வு கரன்ட் போனால் திறந்துகொள்ளும். அதன் கனெக்டர் தளர்ந்திருந்தாலே பிரஷர் நிற்காது, வண்டி எடுக்காது. பம்ப்பை இறக்கும் முன் அந்தக் கனெக்டரை ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பது எவ்வளவு செலவை மிச்சப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

## பம்ப்தான் என்று எப்போது சொல்லலாம்

வரத்து சரி, ஏர் இல்லை, சென்சார் சரி, ரிட்டர்ன் அளவுக்குள் இருக்கிறது, வால்வுகளுக்குக் கரன்ட் சரி. இவ்வளவுக்கும் பிறகு பிரஷர் ஏறவில்லை என்றால் பம்ப்பைச் சொல்லலாம். இதை உறுதி செய்ய, டீசல் பம்ப் கடைகளில் ரெயிலின் இன்ஜெக்டர் வாய்களை அதற்கான மூடிகளால் அடைத்து, பம்ப்பை மட்டும் தனியாகச் சோதிக்கும் கிட் இருக்கிறது. கசிய வழியில்லாதபோது நல்ல பம்ப் செல்ஃப் வேகத்திலேயே ரெயிலை 1000 பார் அளவுக்கு ஏற்றிவிடும். கையில் கிடைத்த போல்ட்டைத் திருகி இந்த டெஸ்ட்டைச் செய்வது உயிருக்கு ஆபத்து.

மீட்டரிங் வால்வைக் கழற்றும்போது அதன் வலையில், ஃபில்டரில் அல்லது ரெயில் வாயில் உலோகத் தூள் மினுங்கினால், பம்ப் உள்ளுக்குள் அரைந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் பம்ப்பை மட்டும் மாற்றுவது பணத்தை எறிவதற்குச் சமம். அந்தத் தூள் ஏற்கெனவே ரெயிலிலும் இன்ஜெக்டர்களிலும் ரிட்டர்ன் வழியாக டேங்க்கிலும் இருக்கிறது. புதுப் பம்ப்பை ஓட்டிய அன்றே அது மறுபடி சுற்றத் தொடங்கும். டேங்க், லைன்கள் கழுவ வேண்டும். ரெயிலையும் ஹை பிரஷர் குழாய்களையும் மாற்ற வேண்டும். இன்ஜெக்டர்களைப் பெஞ்சில் சோதித்து முடிவு செய்ய வேண்டும். பில் பெரிதாக வரும். அதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பம்ப் ஏன் அரைகிறது என்பதற்குப் பதில் பெரும்பாலும் டீசலில் இருக்கிறது. இந்தப் பம்ப்புகளில் பல, டீசலையே ஆயிலாக வைத்துத்தான் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் கலந்த டீசலுக்கு அந்த வழுவழுப்பு இல்லை. தண்ணீர் துருவை உண்டாக்கும். டேங்க்கைக் காலியாகும் வரை ஓட்டும் பழக்கம் ஏரையும் அடியில் தங்கிய கசடையும் ஒன்றாக உள்ளே அனுப்பும்.

## பொருத்திய பிறகு

ஃபில்டர் மாற்றினாலும் பம்ப் மாற்றினாலும் காய்ந்த பம்ப்பைச் செல்ஃபால் சுற்றக்கூடாது. சில நொடிகளிலேயே உள்ளே கீறல் விழும். கை பிரைமர் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். டேங்க் பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன், ஆஃப் என்று சில முறை செய்து டீசலை வர வையுங்கள். பிறகே செல்ஃப், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம்.

இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் தலையில் பொறித்த அடையாள எண்ணை ஸ்கேனர் மூலம் அந்தந்த சிலிண்டருக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடில் நடுங்கும், புகை வரும். பம்ப்போ மீட்டரிங் வால்வோ மாற்றியிருந்தால், இசியு பழைய பம்ப்புக்காகக் கற்று வைத்த அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்க வைக்கும் வசதி ஸ்கேனரில் இருக்கும். அதைச் செய்த பிறகு அதே மேட்டில், அதே லோடோடு, அதே மூன்று வரிகளை மறுபடி பதிவு செய்யுங்கள். கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் முழு ஆக்ஸிலரேட்டரில் ஒட்டி ஏறினால் வண்டியைக் கொடுக்கலாம். தண்ணீரோ அழுக்கோ காரணமாக இருந்த வண்டிக்கு, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபில்டர் திருகைத் திறந்து மீண்டும் ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை.